மின்புலம் பட்டால் அணுவின் ஆற்றல் மட்டம் எவ்வளவு இறங்கும்? அதை எப்படி அளக்கிறார்கள்?

"ரேடியோ அலையைப் பிடிக்க இனி உலோக ஆன்டெனா வேண்டாம், ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் அடைத்த ருபீடியம் ஆவி போதும்" என்கிற வகைச் செய்திகள் சில ஆண்டுகளாக அடிக்கடி வருகின்றன. இன்னொரு பக்கம், விநாடியை வரையறுக்கும் சீசியம் கடிகாரத்தைச் சுற்றித் திரவ நைட்ரஜனை ஊற்றிக் குளிர்விக்கிறார்கள் என்றும் படிக்கிறோம். பார்க்க இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் இரண்டுக்கும் அடியில் ஒரே விளைவுதான் இருக்கிறது: மின்புலத்தில் வைத்த அணுவின் ஆற்றல் மட்டங்கள் கொஞ்சம் இடம் மாறுகின்றன. அதன் பெயர் ஸ்டார்க் விளைவு.

அந்த "கொஞ்சம்" எவ்வளவு என்று அளப்பதற்கு நூறாண்டுக்கும் மேலாக உழைப்பு செலவாகியிருக்கிறது. ஏன் இவ்வளவு பாடு என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## ஆற்றல் மட்டம், அதிர்வெண்

அணுவுக்குள் எலக்ட்ரான் எந்த ஆற்றலை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள முடியாது. குறிப்பிட்ட சில மதிப்புகள்தான் அனுமதி. இவையே ஆற்றல் மட்டங்கள். மிகக் கீழே இருப்பது அடிநிலை, மேலே இருப்பவை கிளர்வுநிலைகள். ஒரு மட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது, இடைப்பட்ட ஆற்றலுக்குச் சரியாகப் பொருந்தும் அதிர்வெண் கொண்ட ஒளியை அணு உறிஞ்சும் அல்லது உமிழும். சோடியம் விளக்கின் மஞ்சள் நிறம் இப்படி வருவதுதான். அது 589.0, 589.6 நானோமீட்டர் அலைநீளங்களில் உள்ள இரண்டு கோடுகள். 589.6-க்கு டி1 என்றும், 589.0-க்கு டி2 என்றும் பெயர். மற்ற கார உலோகங்களுக்கும் இதே போன்ற டி1, டி2 கோடுகள் உண்டு.

ஆற்றலும் அதிர்வெண்ணும் நேர்விகிதத்தில் இருப்பதால், இத்துறையில் ஆற்றல் மாற்றத்தையே ஹெர்ட்ஸில் சொல்லிவிடுவார்கள். "மட்டம் 50 கிலோஹெர்ட்ஸ் இறங்கியது" என்றால் அவ்வளவுக்கு ஈடான ஆற்றல் குறைந்தது என்று பொருள். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கணக்குதான். ஓர் ஒப்பீட்டுக்கு, சீசியத்தின் டி1 கோட்டின் அதிர்வெண் ஏறத்தாழ 335 லட்சம் கோடி ஹெர்ட்ஸ். அதில் 50 கிலோஹெர்ட்ஸ் என்பது எவ்வளவு சிறியது என்று பார்த்துக்கொள்ளலாம்.

## மின்புலம் வந்தால் என்ன ஆகிறது?

1913-இல் ஜெர்மனியில் யோஹானஸ் ஸ்டார்க், ஒளிரும் ஹைட்ரஜனைச் சென்டிமீட்டருக்குப் பல பத்தாயிரம் வோல்ட் மின்புலத்தில் வைத்துப் பார்த்தார். ஒற்றையாக இருந்த நிறமாலைக் கோடுகள் பலவாகப் பிரிந்தன. அதே ஆண்டில் இத்தாலியில் அந்தோனினோ லோ சுர்தோவும் இதைத் தனியாகக் கண்டார். ஸ்டார்க்குக்கு 1919-இல் நோபல் பரிசு கிடைத்தது. (பிற்காலத்தில் ஸ்டார்க் நாஜிகளுடன் சேர்ந்து, ஐன்ஸ்டைனையும் புதிய இயற்பியலையும் "யூத அறிவியல்" என்று எதிர்த்தார். தன் பெயர் தாங்கிய விளைவுக்கு முழு விளக்கம் தந்ததே அந்தப் புதிய இயற்பியல்தான் என்பதை மறக்கக் கூடாது.)

ஹைட்ரஜன் ஒரு விதிவிலக்கு. அதில் ஒரே அடுக்கைச் சேர்ந்த எஸ், பி நிலைகள் (எலக்ட்ரான் மேகம் எடுக்கும் வெவ்வேறு வடிவங்கள்) ஏறத்தாழ ஒரே ஆற்றலில் இருக்கின்றன. சிறு மின்புலம் பட்டாலே அவை ஒன்றோடொன்று கலந்து, எலக்ட்ரான் மேகம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதனால் ஹைட்ரஜனின் கிளர்வுநிலைகளில் மாற்றம் மின்புலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும்: புலம் இரட்டித்தால் மாற்றமும் இரட்டிக்கும்.

கார உலோகங்களான லித்தியம், சோடியம், பொட்டாசியம், ருபீடியம், சீசியம் ஆகியவற்றில் கதை வேறு. இவற்றிலும் வெளியே ஒற்றை எலக்ட்ரான்தான். ஆனால் உள்ளே மூடிய எலக்ட்ரான் அடுக்குகள் இருக்கின்றன. எஸ் நிலையில் உள்ள எலக்ட்ரான் அந்த உள்ளடுக்குக்குள் நுழைந்து வெளிவருவதால் அதன் ஆற்றல் நன்றாகக் கீழிறங்கி, பி நிலையை விட்டு வெகுதூரம் விலகிவிடுகிறது. ஆகவே சாதாரண மின்புலத்தால் அவற்றை முழுதாகக் கலக்க முடியாது. நடப்பது இதுதான்:

1. மின்புலம் இல்லாதபோது எலக்ட்ரான் மேகத்தின் மையமும் அணுக்கருவும் ஒரே இடத்தில் இருக்கும். அணுவுக்கு நிரந்தர மின் இருமுனை கிடையாது.
2. மின்புலம் வந்ததும் மேகம் ஒரு பக்கமும் கரு மறுபக்கமும் சற்றே இழுபடும். அணு ஒரு சிறு இருமுனையாகிறது. எவ்வளவு எளிதாக இழுபடுகிறது என்பதைச் சொல்லும் எண்ணே முனைவாகு திறன்.
3. இருமுனை உருவாவதே மின்புலத்தால்தான். அந்த இருமுனை மீது செயல்படுவதும் அதே மின்புலம்தான். ஆக, புலம் இரண்டு முறை கணக்கில் வருகிறது. மட்டத்தின் இறக்கம் = பாதி × முனைவாகு திறன் × மின்புலத்தின் இருமடி.

புலத்தை இரட்டித்தால் இறக்கம் நான்கு மடங்கு. பத்து மடங்காக்கினால் நூறு மடங்கு. இதற்கு இருபடி ஸ்டார்க் விளைவு என்று பெயர்.

குவாண்டம் கணக்கில் இதற்கு இன்னொரு படம் உண்டு, அது மேலும் தெளிவானது. மின்புலம் இருக்கும்போது எஸ் நிலையும் பி நிலையும் ஒன்றையொன்று தள்ளும். மேலே உள்ளது மேலே போகும், கீழே உள்ளது கீழே போகும். இடைவெளி குறைவாக இருந்தால் தள்ளு அதிகம். அடிநிலைக்குக் கீழே வேறு மட்டமே இல்லை, தள்ளு முழுக்க மேலிருந்துதான் வருகிறது. அதனால் அடிநிலை எப்போதும் இறங்கும். கிளர்வுநிலைக்கு மேலிருந்தும் தள்ளு உண்டு, கீழிருந்தும் உண்டு. அது ஏறுமா இறங்குமா என்பதை அக்கம்பக்கத்து மட்டங்கள் தீர்மானிக்கின்றன.

## எண்களில் எவ்வளவு?

ஒரு சென்டிமீட்டர் இடைவெளி உள்ள இரண்டு உலோகத் தகடுகளுக்கிடையே 1,000 வோல்ட் கொடுத்தால், நடுவில் இருக்கும் அணுவின் அடிநிலை இறங்கும் அளவு ஏறத்தாழ இவ்வளவு: லித்தியம், சோடியம் 20 கிலோஹெர்ட்ஸ், பொட்டாசியம் 36, ருபீடியம் 40, சீசியம் 50. இதே புலத்தில் ஹீலியம் 0.2 கிலோஹெர்ட்ஸ்கூட இறங்காது. கார உலோக அணு பெரியது, அதன் வெளி எலக்ட்ரான் தளர்வாகக் கட்டப்பட்டது என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

சீசியத்தின் டி1 கோட்டுக்கு மேல் மட்டமாக இருக்கும் 6பி நிலையின் (ஆறாம் அடுக்கின் பி நிலை) முனைவாகு திறன் அடிநிலையினுடையதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். இரண்டு மட்டமும் இறங்குகின்றன, மேல் மட்டம் வேகமாக இறங்குகிறது. எனவே டி1 கோட்டின் அதிர்வெண் குறைகிறது: 1,000 வோல்ட்/செ.மீ. புலத்தில் சுமார் 115 கிலோஹெர்ட்ஸ்.

இதில்தான் அளப்பவரின் தலைவலி ஆரம்பம். டி1 கோடு ஊசிபோல் மெலிந்தது அல்ல. அதன் இயல்பான அகலமே 4.6 மெகாஹெர்ட்ஸ். அதாவது கோட்டின் அகலத்தில் நாற்பதில் ஒரு பங்கு நகர்வைக் கண்டுபிடிக்க வேண்டும். அதையும் ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியத்தோடு. சாதாரண ஆவியில் அணுக்கள் எல்லாத் திசையிலும் ஓடுவதால் டாப்ளர் விளைவு (அணுவின் வேகத்துக்கேற்ப ஒளியின் அதிர்வெண் மாறித் தெரிவது) கோட்டை இன்னும் அகலமாக்கிவிடும். சோடியத்தின் டி1 கோடு லட்சம் வோல்ட்/செ.மீ. புலத்தில்கூட 250 மெகாஹெர்ட்ஸ் அளவுக்குத்தான் நகரும். அறை வெப்பநிலையிலேயே அந்தக் கோட்டின் டாப்ளர் அகலம் 1,300 மெகாஹெர்ட்ஸ். 1920-களில் ருடால்ஃப் லாடன்பர்க் லேசரே இல்லாத காலத்தில் சோடியக் கோட்டின் நகர்வைப் பார்த்தார் என்பதை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் மதிக்க வேண்டும்.

## அளக்கும் வழிகள்

லேசரும் அணுக்கற்றையும். உலோகத்தைச் சூடாக்கி, சிறு துளை வழியே வெற்றிடத்துக்குள் மெல்லிய கற்றையாக விடுவார்கள். எல்லா அணுக்களும் ஏறத்தாழ ஒரே திசையில் போகும். அதற்குச் செங்குத்தாக லேசரைச் செலுத்தினால் டாப்ளர் தொல்லை பெருமளவு ஒழிந்துவிடும். கற்றை இரண்டு தகடுகளுக்கிடையே போகும்போது லேசர் அதிர்வெண்ணை மெல்ல மாற்றி, எந்த இடத்தில் அணுக்கள் அதிகமாக ஒளிர்கின்றன என்று பார்ப்பார்கள். புலம் இருக்கும்போது ஒரு முறை, இல்லாதபோது ஒரு முறை. 1988-இல் டானரும் வைமனும் சீசியத்தின் டி2 கோட்டை இப்படி அளந்தார்கள். டி1 கோடுகளில் 1990-களில் லாரி ஹன்டரின் குழு எட்டிய துல்லியம் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது.

டி2-வில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. அதன் மேல் நிலையில் எலக்ட்ரான் மேகம் உருண்டையாக இல்லை. மேகம் புலத்தின் திசையில் நீண்டிருக்கிறதா, குறுக்காகக் கிடக்கிறதா என்பதைப் பொறுத்து இறக்கம் மாறும். எனவே ஒரே கோடு பலவாகப் பிரியும், ஓர் எண்ணுக்குப் பதில் இரண்டு எண்களை அளக்க வேண்டும்.

அணுக் குறுக்கீட்டுமானி. லேசர் முறை தருவது இரண்டு மட்டங்களின் இறக்கங்களுக்கு இடையேயான வேறுபாட்டை மட்டும்தான். அடிநிலை தனியாக எவ்வளவு இறங்கியது என்பதை அது சொல்லாது. இரண்டு படகுகள் அலையில் ஏறி இறங்கும்போது, ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பார்த்து நீர்மட்டத்தைச் சொல்ல முடியாதது போல.

இதற்கு வழி, அணுவை அலையாகவே பயன்படுத்துவது. மிக நுண்ணிய கீற்றணிகளால் (நெருக்கமான பிளவுகள் கொண்ட தகடுகளால்) ஓர் அணுவின் அலையை இரண்டு பாதைகளாகப் பிரிக்கிறார்கள். ஒரு பாதையில் மட்டும் மின்புலம். இரண்டையும் மறுபடி சேர்த்தால், புலத்தில் போன பாதி, ஆற்றல் மாற்றத்துக்கு ஏற்ப முந்தியோ பிந்தியோ வந்து சேரும். குறுக்கீட்டுப் பட்டைகள் நகரும். கணக்கு எளிதுதான்: விநாடிக்கு 1,000 மீட்டர் வேகத்தில் போகும் சோடியம் அணு 10 செ.மீ. நீளத் தகட்டைக் கடக்க 0.1 மில்லிவிநாடி ஆகும். அந்த நேரத்தில் 20 கிலோஹெர்ட்ஸ் மாற்றம் என்றால் பட்டைகள் முழுதாக இரண்டு சுற்று நகரும். கண்ணுக்குத் தெரியும் அளவு அது.

செய்வது எளிதல்ல. இரண்டு பாதைகளுக்கும் இடையே தலைமுடியின் தடிமன் அளவுக்குத்தான் தூரம். அந்தச் சந்தில் ஒரு மெல்லிய உலோகத் தகட்டை நிறுத்தி, ஒரு பக்கம் புலம், மறுபக்கம் புலமில்லை என்று பிரிக்க வேண்டும். 1995-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் பிரிட்சார்டின் குழு இதைச் சோடியத்தில் செய்து காட்டியது, பிழை 0.35 விழுக்காடு. அதற்கு முன் 1974-இல் நியூயார்க்கில் பெடர்சன் குழு வேறு முறையில் எடுத்த அளவுகளில் 2 விழுக்காடு பிழை இருந்தது. 2015-இல் அரிசோனாவில் அலெக்சாண்டர் குரோனின் குழு பொட்டாசியம், ருபீடியம், சீசியம் மூன்றையும் ஒரே கருவியில் 0.2 விழுக்காட்டுக்கும் குறைவான பிழையோடு அளந்தது.

மேலே எறிந்து பிடிப்பது. எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான், அவ்வளவு நேரடியானது. லேசரால் குளிர்வித்த சீசியம் அணுக்களைப் பந்துபோல் மேல்நோக்கி எறிகிறார்கள். மேலே இரண்டு தகடுகளுக்கிடையே மின்புலம். அடிநிலை ஆற்றல் புலத்துக்குள் குறைவாக இருப்பதால், அணுவைப் புலம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. நுழையும்போது வேகம் கூடுகிறது. எனவே எறிந்த அணு திரும்பி வரும் நேரம் மாறுகிறது. அந்த நேரத்தை அளந்தால் இறக்கம் கிடைத்துவிடும். 2003-இல் பெர்க்லியில் அமினியும் கூல்டும் இப்படிச் சீசியத்தை அளந்து 0.15 விழுக்காட்டுத் துல்லியம் பெற்றார்கள். முற்றிலும் வேறான அரிசோனா முறையும் இதே மதிப்பைத் தந்தது. இரண்டு வேறு பாதையில் போய் ஒரே இடத்தில் சந்திப்பதைவிடப் பெரிய சான்று அளவியலில் இல்லை.

## உண்மையான சிக்கல் அணுவில் இல்லை

இவ்வளவு நுட்பத்துக்குப் பிறகும் பிழை ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் ஏன் நின்றுவிடுகிறது? அதிர்வெண்ணைப் பல இலக்கத் துல்லியத்தில் அளக்க முடியும். இடறுவது மின்புலத்தில்.

மின்புலம் என்பது வோல்ட்டை இடைவெளியால் வகுப்பது. வோல்ட்டை நன்றாக அளக்கலாம். இடைவெளி? 1 செ.மீ. இடைவெளியில் 5 மைக்ரோமீட்டர் தவறு வந்தால் 0.05 விழுக்காடு. விளைவு இருபடி என்பதால் இறுதி விடையில் அது 0.1 விழுக்காடாகிறது. தகடுகள் துளி சாய்ந்திருந்தாலும், ஓரத்தில் புலம் வளைந்தாலும் இதே கதிதான்.

இன்னொரு எதிரி, கேட்காமல் வந்து உட்காரும் மின்புலம். கார உலோக ஆவி தகடுகளில் படிந்து, மேற்பரப்பில் இடத்துக்கு இடம் வேறுபடும் சிறு மின்னழுத்தங்களை உண்டாக்கும். இதைச் சமாளிக்கும் உத்தி அழகானது. நாம் 1,000 வோல்ட்/செ.மீ. கொடுக்கிறோம், தெரியாமல் 1 வோல்ட்/செ.மீ. சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் புலம் 1,001. இருமடியில் 0.2 விழுக்காடு கூடுதல். இப்போது இணைப்பை மாற்றிப் புலத்தைத் திருப்பினால் உண்மைப் புலம் 999, 0.2 விழுக்காடு குறைவு. இரண்டின் சராசரியை எடுத்தால் மிச்சமிருக்கும் பிழை பத்து லட்சத்தில் ஒன்று. புலத்தைத் திருப்புவது இத்துறையில் ஏன் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது என்பது இதிலிருந்து புரியும்.

## விநாடிக்குள் புகுந்த மின்புலம்

சரி, இந்த எண்ணைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது? முதல் பதில் நம் கைக்கடிகாரம் வரை வருகிறது.

1967 முதல், ஒரு விநாடி என்பது சீசியம்-133 அணுவின் அடிநிலையில் உள்ள இரண்டு நுண்மட்டங்களுக்கிடையேயான 919,26,31,770 அலைவுகளின் காலம். அந்த இரண்டு நுண்மட்டங்களும் மின்புலத்தில் ஏறத்தாழ ஒரே அளவு இறங்குகின்றன. 1,000 வோல்ட்/செ.மீ. புலத்தில் இரண்டும் 50 கிலோஹெர்ட்ஸ் இறங்க, அவற்றுக்கிடையே வேறுபாடு வெறும் 2.27 ஹெர்ட்ஸ்தான். 1957-இலேயே ஹானும் சக்கரையாஸும் இந்தச் சிறு வேறுபாட்டைச் சீசியத்தில் அளந்துவிட்டார்கள்.

கடிகாரத்துக்குள் யாரும் ஆயிரம் வோல்ட் வைப்பதில்லை, அப்புறம் என்ன கவலை? கவலை சுவர்களிலிருந்து வருகிறது. அறை வெப்பநிலையில் இருக்கும் எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வீசிக்கொண்டே இருக்கும். இதுவே கரும்பொருள் கதிர்வீச்சு. கதிர் என்றால் அலையும் மின்புலம்தானே. 27 டிகிரி செல்சியஸில் அதன் சராசரி வலிமை சுமார் 8.3 வோல்ட்/செ.மீ. திசை மாறிமாறி வந்தாலும், விளைவு இருபடி என்பதால் கூட்டலும் கழித்தலும் அடித்துப்போகாது. எப்போதும் ஒரே பக்கம் தள்ளும். 1982-இல் அமெரிக்கத் தர அளவியல் கழகத்தில் இட்டானோ, லூயிஸ், வைன்லேண்ட் மூவரும் இதைச் சுட்டிக்காட்டினார்கள். கடிகாரம் 100 லட்சம் கோடியில் 1.7 பங்கு மெதுவாகிறது, அதாவது நாளொன்றுக்கு ஒன்றரை நானோவிநாடி.

சிறியதுதான். ஆனால் 2000-களின் தொடக்கத்தில் சீசியம் ஊற்றுக் கடிகாரங்களின் (குளிர்வித்த அணுக்களை ஊற்றுபோல் மேலே எறிந்து அளக்கும் கடிகாரங்கள்) பிற பிழைகள் எல்லாம் இதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிருந்தன. அந்த நேரத்தில்தான் ஒரு சர்ச்சை வெடித்தது.

1. 1998-இல் பாரிஸ் குழு, ஊற்றுக் கடிகாரத்தில் தெரிந்த மின்புலத்தைக் கொடுத்து மாற்றத்தை அளந்தது. அதிலிருந்து கணக்கிட்டால் திருத்தம் 100 லட்சம் கோடியில் 1.71 பங்கு.
2. 2004-இல் இத்தாலியின் தூரின் நகரக் குழு மின்புலம் கொடுக்காமல், அணுக்களைச் சுற்றியிருந்த சுவரின் வெப்பநிலையையே மாற்றி நேரடியாக அளந்தது. கிடைத்தது 1.43 பங்கு. அதாவது 16 விழுக்காடு குறைவு.

எது சரி? உலகம் முழுவதும் விநாடியைக் காப்பவர்கள் எந்த எண்ணைக் கழிப்பது? சீசியம் ஊற்றுக் கடிகாரம் வைத்திருக்கும் எந்த நாட்டுக்கும், தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்பட, இது நேரடியான கேள்வி.

2006-இல் இரண்டு கோட்பாட்டுக் குழுக்கள் தனித்தனியாகக் கணக்கிட்டுப் பாரிஸ் எண்ணே சரி என்றன. தூரின் அளவீட்டைப் போலவே குறைவான மதிப்பு தந்த சில முந்தைய கணக்குகளில் விடுபட்டது எது என்பதும் அப்போது தெரிந்தது. மட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும் என்று முன்பு பார்த்தோம் அல்லவா? தள்ளுவதில் அணுவுக்குள் கட்டுண்ட நிலைகள் மட்டுமல்ல, எலக்ட்ரான் அணுவை விட்டே வெளியேறிய நிலைகளும் பங்கெடுக்கின்றன. அடிநிலையின் மொத்த இறக்கத்தில் 95 விழுக்காடு அளவு 6பி ஒன்றிலிருந்தே வந்துவிடுவதால், தொலைவில் உள்ள நிலைகளை விட்டுவிட்டாலும் பெரிய தவறு தெரியாது. ஆனால் கடிகாரத்துக்கு வேண்டியது மொத்தம் அல்ல, இருபதாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள அந்த நுண்ணிய வேறுபாடு. அங்கே வெளியேறிய நிலைகளின் பங்கு கணிசமானது.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது, சர்ச்சை ஓட்டெடுப்பால் தீரவில்லை என்பது. எந்தப் பகுதி விடுபட்டது என்று விரல் வைத்துக் காட்டிய பிறகே தீர்ந்தது.

அமெரிக்காவின் கொலராடோவில் 2014-இல் அறிவிக்கப்பட்ட கடிகாரம் இன்னொரு வழியைப் பிடித்தது: அணுக்கள் பறக்கும் குழாயையே மைனஸ் 193 டிகிரிக்குக் குளிர்வித்துவிடுவது. கதிர்வீச்சு மாற்றம் வெப்பநிலையின் நான்காம் படியில் குறைவதால், பிழை இருநூறில் ஒரு பங்காகச் சுருங்கியது. குளிரிலும் சூட்டிலும் ஒப்பிட்டு எடுத்த அளவும் பாரிஸ் எண்ணையே உறுதி செய்தது.

## வலமும் இடமும் ஒன்றல்ல

இரண்டாவது பயன் அணுக்கரு வரை போகிறது. நான்கு அடிப்படை விசைகளில் ஒன்றான வலிமை குறைந்த அணுக்கரு விசை, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தையும் அசலையும் ஒன்றாக நடத்துவதில்லை. கனமான அணுக்களில் இந்தப் பாகுபாடு கண்டறியும் அளவுக்குப் பெரிதாகும் என்று 1974-இல் பாரிஸில் மாரி-ஆன் பூஷியா, குளோட் பூஷியா தம்பதியினர் காட்டினார்கள்.

சீசியத்தில் 6எஸ் நிலையிலிருந்து 7எஸ் நிலைக்குத் தாவுவது ஒளிக்குத் தடை செய்யப்பட்ட பாதை. வலிமை குறைந்த விசை அந்தத் தடையை மிகமிகச் சிறிதாக மீறுகிறது. மின்புலமும் எஸ் நிலைகளில் பி நிலையைக் கலந்து அதே தடையை மீறவைக்கும். இரண்டையும் சேர்த்துவிட்டு, மின்புலத்தைத் திருப்பினால் ஒன்றின் குறி மாறும், மற்றது மாறாது. அந்த வேறுபாட்டில் வலிமை குறைந்த விசை வெளிப்பட்டுவிடும். 1997-இல் கார்ல் வைமன் குழு கொலராடோவில் இதை 0.35 விழுக்காட்டுத் துல்லியத்தில் அளந்தது. விடை எந்த அலகில் வந்தது தெரியுமா? வோல்ட்/செ.மீ. அலகில்: அந்த விசையின் விளைவு 1.6 மில்லிவோல்ட்/செ.மீ. மின்புலத்துக்குச் சமம். அதை விசையின் வலிமையாக மொழிபெயர்க்க, அந்தத் தாவலின் முனைவாகு திறன் தனியாகத் தெரிந்தாக வேண்டும். அதனால்தான் பழைய எண்களைச் செம்மைப்படுத்தும் அளவீடுகள் அதன் பிறகும் தொடர்ந்தன.

## அணுவே அளவுகோலானால்

இப்போது முதலில் சொன்ன குப்பிக்கு வருவோம். இதுவரை தெரிந்த மின்புலத்தை வைத்து அணுவை அளந்தோம். அணு நன்றாகத் தெரிந்துவிட்டால் கணக்கைத் திருப்பலாம்: அணுவை வைத்துத் தெரியாத மின்புலத்தை அளக்கலாம்.

இதற்குச் சாதாரண நிலை போதாது. எலக்ட்ரானை 30, 50, 70-ஆம் அடுக்குக்கு ஏற்றிவிட வேண்டும். இவையே ரிட்பெர்க் அணுக்கள். அணுவின் அளவு அடுக்கு எண்ணின் இருமடியாகப் பெருக, முனைவாகு திறன் ஏழாம் படியில் பெருகும். 10-ஆம் அடுக்கிலிருந்து 50-க்குப் போனால் 78,000 மடங்குக்கும் மேல். மறுபக்கம், ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தாங்கும் அடிநிலை அணு எங்கே, 50-ஆம் அடுக்கில் சுமார் 50 வோல்ட்/செ.மீ. பட்டாலே எலக்ட்ரானை இழந்துவிடும் ரிட்பெர்க் அணு எங்கே!

இந்த உயரத்தில் எளிய இருபடி விதியும் நிலைக்காது. மட்டங்கள் நெருக்கமாக இருப்பதால் புலம் கூடக்கூட ஒன்றையொன்று நெருங்கி, மோதாமல் விலகி, ஒரு வலைபோல் பின்னிக்கொள்ளும். 1979-இல் கிளெப்னர் குழு இந்த வரைபடங்களைக் கார உலோகங்களுக்குக் கணக்கிட்டும் அளந்தும் வெளியிட்டது. இன்றும் இத்துறையில் நுழைபவர் முதலில் பார்க்கும் படங்கள் அவைதான்.

ரேடியோ அலையை அளக்கும் முறை இது. ருபீடியம் ஆவியில் 780, 480 நானோமீட்டர் என இரண்டு லேசர்களைச் செலுத்தி, ஆவி ஓர் ஒளியை உறிஞ்சாமல் கடத்திவிடும்படி செய்கிறார்கள். இரண்டு ரிட்பெர்க் மட்டங்களுக்குப் பொருந்தும் நுண்ணலை வந்து விழுந்தால், கடந்து வரும் ஒளியின் வரைபடத்தில் ஒற்றையாக இருந்த உச்சி இரண்டாகப் பிளக்கும். பிளவின் அகலம் அலையின் மின்புலத்துக்கு நேர்விகிதம். இடையில் வருவது பிளாங்க் மாறிலியும் அணுவின் இருமுனை மதிப்பும் மட்டுமே. 2012-இல் ஜேம்ஸ் ஷாஃபர், டில்மன் ஃபாவ் உள்ளிட்டோர் இப்படி 8 மைக்ரோவோல்ட்/செ.மீ. வரை அளந்தார்கள்.

இதில் செய்திகள் அடிக்கடி தவறவிடும் இடம் ஒன்று உண்டு. இந்தக் குப்பியின் பெரிய பலம், உலோக ஆன்டெனாவைவிட மெல்லிய ஒலியைக் கேட்பது அல்ல. பலம் அளவீட்டில்தான். உலோக ஆன்டெனாவைத் தரப்படுத்த, வலிமை தெரிந்த ஒரு மின்புலம் வேண்டும். அந்தப் புலத்தின் வலிமை தெரிய, தரப்படுத்திய ஓர் ஆன்டெனா வேண்டும். இந்தச் சுழலை அணு உடைக்கிறது. சென்னையில் இருக்கும் ருபீடியம் அணுவும் ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் அணுவும் ஒன்றே, யாரும் தரப்படுத்தித் தர வேண்டியதில்லை.

நிலையான மின்புலத்தை அளப்பதில் மட்டும் குப்பி தடுமாறுகிறது. கண்ணாடியின் உட்சுவரில் ருபீடியம் படிகிறது, லேசர் ஒளி அங்கே மின்னூட்டங்களை விடுவிக்கிறது, அவை நகர்ந்து வெளிப்புலத்தை மறைத்துவிடுகின்றன. உள்ளே இருக்கும் அணுவுக்குப் புலம் வந்ததே தெரியாது. தகட்டில் படிந்து பழைய அளவீடுகளைக் கெடுத்த அதே உலோகப் படிவம்தான் இங்கே கண்ணாடியில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் புலத்தைத் திருப்பிச் சராசரி எடுக்கும் உத்தி இங்கே உதவாது, ஏனெனில் திருப்புவதற்கு உள்ளே புலமே இல்லை.